மழைக்காலத்திலும் உடையாத பார்சல்: காகிதக் குஷன் கட்டும் முறை

பபிள் ராப்பை விட்டுக் காகிதத்துக்கு மாறுகிறவர்கள் ஆரம்பத்தில் செய்யும் தவறு பெரும்பாலும் ஒன்றுதான். பபிளைச் சுற்றிய பழக்கத்திலேயே காகிதத்தையும் சுற்றிவிடுகிறார்கள். பபிளில் காற்று அடைபட்டிருக்கிறது. அழுத்தினால் அமுங்கும், விட்டால் எழும். கசக்கிய காகிதம் அப்படி எழாது. அதிலுள்ள மடிப்புகள் ஒவ்வொன்றாக நொறுங்கும்போதுதான் விழுந்த அடியின் வேகம் கரைகிறது. நொறுங்கிய மடிப்பு பிறகு நிமிர்வதில்லை. ஒவ்வொரு அடிக்கும் பெட்டிக்குள் கொஞ்சம் இடம் உண்டாகும். இடம் உண்டானால் உள்ளே இருக்கும் கண்ணாடிப் பாட்டில் நகரும். நகர்ந்த பாட்டில் அடுத்த அடியைக் காகிதம் இல்லாத பக்கத்தில் வாங்கி உடையும். அதனால் காகிதத்தை எப்போதும் தேவைக்குச் சற்றுக் கூடுதலாக, மூடியை அழுத்தித்தான் மூட வேண்டும் என்ற அளவுக்குத் திணித்து வைக்க வேண்டும்.

இது எந்த ஊருக்கும் பொருந்தும். மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளைப் பக்கத்தில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது: ஈரம். கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இடவப்பாதி மழையும் (தென்மேற்குப் பருவமழை) உண்டு, ஐப்பசி மழையும் (வடகிழக்குப் பருவமழை) உண்டு. ரப்பர் தோட்டங்களில் தை, மாசி, பங்குனியில் தேன் எடுத்து, வடித்து, பாட்டிலில் அடைத்து வெளியூருக்கு அனுப்பத் தொடங்கும்போது மழை வந்துவிடுகிறது. காற்றில் உள்ள ஈரத்தைக் காகிதம் தானாகவே இழுத்துக்கொள்ளும். வறண்ட அறையில் அதன் எடையில் ஏழெட்டு சதவீதம் இருக்கும் தண்ணீர், அடைமழை நாட்களில் 14 சதவீதம் வரைகூடப் போகும். அந்த நிலையில் அட்டைப்பெட்டி மேல்பாரத்தைத் தாங்கும் வலு உலர்ந்த நிலையில் இருந்ததில் ஏறத்தாழ பாதியாகிவிடும். உள்ளே இருக்கும் மடிப்புகளும் விறைப்பை இழந்து துணிபோலத் தளர்ந்துவிடும். கோடையில் உடையாமல் போன அதே பேக்கிங் ஆனி, ஆடியில் உடைவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். கூரியர்காரரைக் குறை சொல்வதற்கு முன்னால் காகிதம் வைத்திருக்கும் அறையைப் பாருங்கள்.

எந்தக் காகிதம் எதற்கு

முதுகெலும்பு க்ராஃப்ட் பேப்பர்தான், அந்தப் பழுப்பு நிறத் தாள். 70 முதல் 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) வாங்குங்கள். 60-க்குக் கீழே போனால் கசக்கியதும் படிந்துவிடும். 100-க்கு மேலே போனால் கையால் கசக்க முடியாது, கசக்கினாலும் முனைகள் குத்தும். 70×50 செ.மீ. அளவில் வெட்டிய 80 ஜிஎஸ்எம் தாள் ஒன்று 28 கிராம். சரியாகக் கசக்கித் திணித்தால் ஒரு தாள் ஏறத்தாழ ஒரு லிட்டர் இடத்தை நிரப்பும். இந்தக் கணக்கை மனதில் வையுங்கள், பின்னால் உதவும்.

ஹனிகோம்ப் பேப்பர் என்பதும் க்ராஃப்ட் தாள்தான். அதில் வரிசை வரிசையாகக் கீறல் போட்டுச் சுருளாக விற்கிறார்கள். இழுத்தால் தேன்கூட்டு அறைகளைப் போல விரிந்து எழும். தேனுக்குத் தேன்கூட்டுக் காகிதம், பொருத்தம்தான். ஆனால் இதைப் புரிந்துகொள்ளாமல் வீணாக்குகிறவர்களே அதிகம். இழுக்காமல் சுற்றினால் அது வெறும் தாள். அறுகோணங்கள் நன்றாகத் திறந்து, தாள் படுக்கைவாட்டில் இல்லாமல் நிமிர்ந்து நிற்கும்வரை இழுக்க வேண்டும். அதற்கு மேலும் இழுத்தால் அறைகள் மறுபடி ஒடுங்கும் அல்லது கீறல் கிழியும். சுற்றும்போது கையின் இழுப்பு தளரக் கூடாது. குறைந்தது இரண்டு சுற்று வேண்டும், கண்ணாடிக்கு மூன்று. ஒரு சுற்றின் அறைகள் அடுத்த சுற்றின் அறைகளுக்குள் கொக்கிபோலக் கோத்துக்கொள்வதால்தான் டேப் இல்லாமலே நிற்கிறது. ஒற்றைச் சுற்றுக்கு அந்தப் பிடிப்பு கிடையாது. ஒரு பொருள் ஒன்றேகால் கிலோவுக்கு மேல் இருந்தால் இந்த அறைகள் எடை தாங்காமல் படியத் தொடங்கும். ஒரு கிலோ தேன் பாட்டில் கண்ணாடியோடு சேர்ந்து அந்த எல்லையைத் தாண்டிவிடும். அதற்கு ஹனிகோம்பை மட்டும் நம்பாமல், பாட்டிலுக்கு அட்டைத் தடுப்பும் அடியில் அட்டைத் தகடும் கொடுங்கள்.

பழைய நியூஸ்பேப்பர் 45 ஜிஎஸ்எம் அளவுக்குத்தான் இருக்கும், இழையும் குட்டை. இரண்டு நாள் பயணத்தில் குலுங்கிக் குலுங்கிப் படிந்து, பெட்டி போய்ச் சேரும்போது மேலே இரண்டு விரல் இடைவெளி இருக்கும். மையும் ஒட்டும். உணவுப் பொருளை நேரடியாக நியூஸ்பேப்பரில் பொதிவது 2018-ஆம் ஆண்டின் உணவுப் பேக்கேஜிங் விதிகளின்படி தடை. சீல் செய்த பாட்டிலுக்கு வெளியே வைப்பது வேறு விஷயம் என்றாலும், லேபிளில் கருப்பு மை தேய்ந்த பாட்டிலை வாங்குகிறவர் விரும்பமாட்டார். அரைக் கிலோவுக்குக் குறைந்த, உடையாத சாமான்களுக்கு இடம் நிரப்ப மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நறுக்கிய காகிதத்தில் நெளிநெளியாக மடித்து நறுக்கியதுதான் குஷன். நேராக நறுக்கியது குஷன் அல்ல. அச்சகங்களில் கிடைக்கும் வெட்டுக் கழிவு மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிப் போடுகிறார்கள். பளபளப்புப் பூச்சுள்ள அந்தக் கீற்றுகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும். கனமான பாட்டில் அவற்றை விலக்கிக்கொண்டு நேராக அடிக்குப் போய்விடும்.

பழைய அட்டைப்பெட்டியை 4 செ.மீ. பட்டைகளாகக் கிழித்து, விசிறிபோல மடித்து, பெட்டியின் அடியிலும் ஓரத்திலும் நிறுத்தி வைப்பது நல்ல உத்தி. இங்கே ஆக்கர் கடைகளிலேயே (பழைய சாமான் வாங்கும் கடை) அட்டை கிடைக்கும். ஆனால் முகர்ந்து பார்த்து வாங்குங்கள். சோப்பு வந்த பெட்டியின் வாசனை கிராம்பிலும் நல்லமிளகிலும் ஏறும். அட்டையின் நெளிவுக் குழல்களுக்குள் கரப்பான் முட்டை ஒட்டியிருக்கலாம். பெட்டியைப் பிரித்து இரண்டு மணி நேரம் வெயிலில் விரித்துவிட்டு எடுப்பது நல்லது.

காகிதத்தை உலர வைத்திருப்பது

சிமெண்ட் தரையில் காகிதக் கட்டை நேரடியாக வைக்கக் கூடாது. ஒரு சாண் உயரத்தில் பலகை போட்டு, சுவரிலிருந்தும் ஒரு சாண் தள்ளி அடுக்குங்கள். ஓட்டு வீட்டின் பின்கட்டு, ரப்பர் ஷீட் உலர்த்தும் கொட்டகையின் ஓரம், கிணற்றடியை ஒட்டிய அறை ஆகியவை காகிதத்துக்கு ஆகாத இடங்கள். பிரித்த சுருளையும் காகிதக் கட்டையும் பெரிய பிளாஸ்டிக் உறையில் போட்டு வாயைக் கட்டி வையுங்கள். அந்த உறை வருடக்கணக்கில் உங்களிடமே இருக்கப்போகிறது, வாங்குகிறவர் வீட்டுக்குப் போகப்போவதில்லை. அன்றைக்கு வேண்டிய அளவை மட்டும் காலையில் வெளியே எடுத்தால் போதும்.

காகிதம் உலர்ந்திருக்கிறதா என்பதைக் காதால் அறியலாம். தாளின் மூலையைப் பிடித்து உதறினால் படபடவென்று ஒலிக்க வேண்டும். ஈரம் ஏறிய தாள் ஒலிக்காது, மடித்தால் மெத்தென்று மடங்கும். இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமானால் தராசு இருக்கிறது. மாசி, பங்குனியில் 20 தாள்களை நிறுத்து எழுதி வையுங்கள். மேலே சொன்ன அளவுத் தாள் என்றால் 560 கிராம் இருக்கும். மழைக்காலத்தில் அதே 20 தாள் 590 கிராமைத் தாண்டினால் அன்று கண்ணாடி அனுப்பும் வேலையைத் தள்ளிவையுங்கள், அல்லது தாள்களைப் பிரித்து மின்விசிறிக்குக் கீழே வெதுவெதுப்பான அறையில் விரித்து எடை இறங்கிய பிறகு எடுங்கள்.

சிலிகா ஜெல் பொட்டலம் ஒன்றிரண்டை அட்டைப்பெட்டிக்குள் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதனால் பயன் இல்லை. அட்டைப்பெட்டி காற்றுப் புகும் பொருள். பொட்டலம் சில மணி நேரத்தில் நிரம்பிவிடும், வெளியிலிருந்து ஈரம் வந்துகொண்டே இருக்கும்.

நான்கு தேன் பாட்டில்: முழு பேக்கிங்

எடுத்துக்காட்டுக்கு அரைக் கிலோ தேன், கண்ணாடிப் பாட்டில் நான்கு. தேன் தண்ணீரைவிட ஏறத்தாழ 1.4 மடங்கு கனம். அதனால் அரைக் கிலோத் தேன் ஏறத்தாழ 360 மில்லி இடத்திலேயே அடங்கிவிடும். பார்க்கச் சின்னதாக இருப்பதால் காகிதத்தைக் குறைத்துவிடத் தோன்றும், அதற்கு இடம் கொடுக்காதீர்கள். பாட்டில் 7 செ.மீ. விட்டம், 14 செ.மீ. உயரம், கண்ணாடி 200 கிராம் என்று வைத்துக்கொண்டால் ஒன்று 700 கிராம், நான்கும் 2.8 கிலோ.

காகிதத்தைத் தொடுவதற்கு முன் மூடியைக் கவனியுங்கள். மூடிக்குள் அலுமினிய சீல் ஒட்டியிருக்க வேண்டும். பாட்டிலைக் கவிழ்த்து ஓர் இரவு வைத்து, காலையில் மூடி ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள். பிசுபிசுப்பு இருந்தால் அனுப்பாதீர்கள். ஒழுகிய தேன் ஊறிய காகிதம் குஷனாக இருக்காது, மறுசுழற்சிக்கும் போகாது, எறும்பும் சேரும். ஈரப்பதம் 20 சதவீதத்துக்கு மேல் உள்ள தேன் புளித்து வாயு உண்டாக்கி மூடியை உள்ளிருந்தே தள்ளும். அதை எந்த பேக்கிங்கும் தடுக்காது.

பெட்டி 5 ப்ளை (ஐந்து அடுக்கு அட்டை), உள்ளளவு 25×25×25 செ.மீ. இந்த அளவு எப்படி வந்தது என்றால், பாட்டிலுக்கு மூன்று சுற்று ஹனிகோம்ப் பக்கத்துக்கு ஒன்றரை செ.மீ. கூட்டும். 7 என்பது 10 ஆகும். இரண்டிரண்டாக நிறுத்தினால் 20. சுற்றிலும் இரண்டரை செ.மீ. கசக்கிய தாள். ஆகக் கண்ணாடிக்கும் அட்டைக்கும் நடுவே 4 செ.மீ. அதற்குக் கீழே போகக் கூடாது. உயரத்தில் பாட்டில் 14, கீழும் மேலும் மடித்துவிட்ட ஹனிகோம்ப் 3, அடியில் 4, மேலே 4.

பெட்டியின் அடியை முதலில் ஒட்டுங்கள். நடுப்பிளவில் ஒரு நீள டேப், இரு ஓரங்களிலும் குறுக்கே ஒவ்வொன்று, ஆங்கில எச் எழுத்துப்போல. நடுவில் மட்டும் ஒட்டிய பெட்டி மூலை மோதி விழுந்தால் ஓரம் வாய்பிளக்கும்.

அடி மெத்தைக்கு மூன்று தாள். கசக்குவதிலும் முறை உண்டு. உருண்டையாக இறுக்கிப் பந்துபோல் ஆக்காதீர்கள். பந்து கல்லைப்போல் கடினமாகி, அடியைக் கரைக்காமல் அப்படியே பாட்டிலுக்குக் கடத்தும். தாளின் இரு நீள ஓரங்களையும் நடுவை நோக்கித் தளர்வாகச் சுருட்டிக் குழலாக்குங்கள். அந்தக் குழலை இரண்டு கையாலும் லேசாக நெரித்து, பாம்புபோல வளைத்து மூன்றாக மடித்து வையுங்கள். உள்ளங்கையால் அழுத்தினால் பாதிவரை இறங்கி அங்கே நிற்க வேண்டும். எதிர்ப்பே இல்லாமல் இறங்கினால் கசக்கல் போதாது. இறங்கவே இல்லையென்றால் அதிகம்.

பாட்டிலுக்கு விரித்த நிலையில் 80 செ.மீ. ஹனிகோம்ப் வேண்டும். சுருளின் அகலம் பாட்டிலின் உயரத்தைவிடக் குறைந்தது 10 செ.மீ. கூடுதலாக இருக்கட்டும், விரியும்போது அகலம் சுருங்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். மிஞ்சும் பகுதியைக் கழுத்துக்கு மேலும் அடிப்பாகத்துக்குக் கீழும் உள்ளே மடித்துத் திணியுங்கள். கண்ணாடி உடைவது பெரும்பாலும் அடிவிளிம்பிலும் தோள்வளைவிலும்தான். நடு வயிற்றை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு அடியை வெறுமையாக விட்டால் சுற்றியதெல்லாம் வீண்.

நான்கு பாட்டிலுக்கும் நடுவே கூட்டல் குறி வடிவில் 3 ப்ளை அட்டைத் தடுப்பு நிறுத்துங்கள். இரண்டு அட்டைகளில் பாதிவரை பிளந்து ஒன்றோடொன்று கோத்தால் போதும், பசை வேண்டாம். பாட்டிலும் பாட்டிலும் மோதுவதைத் தடுப்பது அதன் ஒரு வேலை. அடி மெத்தைமேல் நின்று பாட்டில்களைவிட இரண்டு செ.மீ. உயரமாக இருந்தால், மேலே வேறு பெட்டி ஏறும்போது மூடியை அதுவும் சேர்ந்து தாங்கும். அட்டையின் நெளிவுக் குழல்கள் மேல்கீழாக ஓடும்படி வெட்டுங்கள். குறுக்கே ஓடினால் அந்தத் தாங்கல் கிடைக்காது. மழைக்காலத்தில் இந்தத் தடுப்பைத் தவிர்க்கவே கூடாது.

நான்கு பக்கத்துக்கும் ஒவ்வொரு தாள், மேலே மூன்று. மூலைகளில் விரலை விட்டுப் பாருங்கள், விரல் எளிதாக இறங்கினால் அங்கே இன்னும் கொஞ்சம் தாள் வேண்டும். மூடியின் இதழ்களைச் சாத்தினால் ஒரு செ.மீ. மேலெழுந்து நிற்க வேண்டும். கையால் அழுத்தி மூடி ஒட்டுங்கள். காதருகே வைத்து ஆட்டினால் சத்தமே கேட்கக் கூடாது.

மொத்தம் பத்துத் தாள், 280 கிராம். ஹனிகோம்ப் நான்குக்கும் 80 கிராம், பெட்டி ஏறத்தாழ 400. எல்லாம் சேர்த்து மூன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல். வெளியளவு 26.5×26.5×27 என்றால் பெருக்கி 5000-ஆல் வகுத்து வரும் கன எடை 3.8 கிலோ. பல கூரியர்கள் இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் காசு வாங்குகிறார்கள். இதே சரக்கை 'சும்மா கிடக்கிறதே' என்று 30 செ.மீ. பெட்டியில் வைத்தால் கன எடை 6.3 கிலோவாகிவிடும். காகிதமும் இரண்டு மடங்குக்கு மேல் வேண்டும். கையிலிருக்கும் பெட்டிக்குச் சரக்கைப் பொருத்தாதீர்கள். சரக்குக்கு ஏற்ற பெட்டியை 50, 100 என்று சேர்த்துச் செய்து வாங்குவது கட்டுப்படியாகும்.

வேறு அளவுச் சரக்குக்கு முன்னர் சொன்ன லிட்டர் கணக்கு உதவும். பெட்டியின் உட்கன அளவிலிருந்து சுற்றிய பொருட்களின் கன அளவைக் கழியுங்கள். எத்தனை லிட்டர் மிஞ்சுகிறதோ அத்தனை தாள், கூட ஒன்று.

மற்ற சரக்குகள்

நல்லமிளகு, கிராம்பு, அண்டிப்பருப்பு (முந்திரிப் பருப்பு) போன்றவை சீல் செய்த பையில் இருந்தால் குஷனே வேண்டாம், ஆடாமல் இருக்க இடம் நிரப்பினால் போதும். ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸ் மேலிருந்து வரும் பாரத்தால் நொறுங்குகிறது, அதற்குக் காகிதத்தைவிட விறைப்பான பெட்டிதான் காப்பு. கருப்பட்டி ஈரத்தை உறிஞ்சிக் கசியும், உள்ளுறை இறுக்கமாக இல்லாமல் காகிதத்தோடு வைக்காதீர்கள். பித்தளை நிலவிளக்கை (குத்துவிளக்கு) திருகிப் பிரித்து, தண்டையும் தட்டையும் தனித்தனியாகக் கட்டுங்கள். அதன் கூர்முனை கசக்கிய தாளைத் துளைத்துவிடும் என்பதால் முனைகளுக்கு மடித்த அட்டைத் தொப்பி போட வேண்டும்.

அனுப்பும் முன் போட்டுப் பார்ப்பது

ஒரு பெட்டியைப் பலிகொடுத்துச் சோதிக்காமல் புது பேக்கிங்கை அனுப்பாதீர்கள். பார்சல் பாதுகாப்புச் சோதனைகளை வகுக்கும் சர்வதேச அமைப்பான இஸ்டாவின் 1ஏ என்ற சோதனை முறையில் பத்துக் கிலோவுக்குக் குறைந்த பெட்டியை 76 செ.மீ. உயரத்திலிருந்து பத்துமுறை போடுவார்கள்: ஒரு மூலை, அந்த மூலையில் சேரும் மூன்று விளிம்புகள், பிறகு ஆறு முகங்கள். ஒரு சாதாரண மேசையின் உயரம்தான். பாட்டிலில் தேனுக்குப் பதிலாகத் தண்ணீர் ஊற்றினால் எடை குறைந்து ஏமாற்றும். உலர்ந்த மணலை அரைக் கிலோ நிறுத்துப் போடுங்கள்.

போட்டு முடித்ததும் உடைந்ததா என்று மட்டும் பார்க்காதீர்கள். எந்தப் பக்கத்துத் தாள் பாதிக்கும் கீழே படிந்திருக்கிறதோ அங்கே அடுத்த முறை ஒரு தாள் கூட்டுங்கள். எந்தப் பக்கம் தொடாமலே இருக்கிறதோ அங்கே குறைக்கலாம். அதோடு, இன்னொரு பெட்டியை மழை நாளில் திண்ணையில் வைத்து, மேலே 20 கிலோ அரிசி மூட்டை ஏற்றி ஓர் இரவு விடுங்கள். காலையில் பக்கவாட்டு அட்டை வெளியே பிதுங்கியிருந்தால் பெட்டிக்கு வலு போதவில்லை. காகிதத்தைக் கூட்டி அதைச் சரிசெய்ய முடியாது.

சோதனையில் அடிபட்ட தாளையும், உங்களுக்கு வரும் பார்சல்களில் இருந்து எடுத்த தாளையும் கண்ணாடிக்கு மறுபடி வைக்கக் கூடாது. அவற்றின் மடிப்புகள் ஏற்கெனவே நொறுங்கியவை. மசாலா, சிப்ஸ் பெட்டிகளுக்கு வைக்கலாம்.

டேப்பும் மறுசுழற்சியும்

காகிதத்தால் இவ்வளவு செய்துவிட்டு, பெட்டி முழுக்க பிளாஸ்டிக் டேப்பைச் சுற்றினால் அதை உரித்தெடுப்பது வாங்குகிறவர் தலையில் விழும். கேரளத்தில் மட்காத கழிவைச் சுத்தம் செய்து, உலர்த்தி, பிரித்து வீடு வீடாகக் கழிவு சேகரிக்கும் ஹரித கர்ம சேனாவிடம் கொடுக்க வேண்டும். கேரள எல்லையிலுள்ள பாறசாலைக்கு அந்தப் பக்கம் அனுப்புகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. அதற்குப் பதில் தண்ணீர் தொட்டு ஒட்டும் காகித டேப் இருக்கிறது. அதன் பசை மாவுச்சத்தால் ஆனது, ஆலையில் அட்டையோடு சேர்ந்தே கூழில் கரையும். நூலிழை பதிக்காத சாதா ரகம் மூன்றரைக் கிலோப் பெட்டிக்குப் போதும்.

இதற்கும் பழக்கம் வேண்டும். ஈர ஸ்பாஞ்சில் ஒரே இழுப்பாக இழுத்து, பசைப் பக்கம் பளபளத்ததும் ஒட்டி, துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்து அழுத்துங்கள். தண்ணீர் அதிகமானால் பசை கழுவிப்போகும், குறைந்தால் ஓரம் சுருண்டு எழும். சரியாக ஒட்டியதை உரித்தால் அட்டையின் மேல்தோலும் சேர்ந்து வர வேண்டும். தூசி படிந்த அட்டையிலும் ஈர அட்டையிலும் பிடிக்காது. மழைக்காலத்தில் சுருளை மூடியுள்ள தகர டப்பாவில் வையுங்கள். வெளியே கிடந்தால் காற்று ஈரத்திலேயே பசை இளகி, சுருள் முழுவதும் ஒரே கட்டியாக ஒட்டிக்கொள்ளும்.

பிளாஸ்டிக் பூச்சுப் போட்ட தாள், மெழுகுத் தாள், உள்ளே பபிள் ஒட்டிய காகித உறை, எண்ணெயோ தேனோ ஊறிய அட்டை இவற்றைப் பழைய பேப்பரோடு சேர்க்க முடியாது. வெளியே பழுப்பாக இருக்கிறது என்பதை வைத்து வாங்கிவிடாதீர்கள். ஒரு மூலையைக் கிழித்துப் பாருங்கள். வெறும் காகிதம் நார்நாராகக் கிழியும், பூச்சுள்ளது மெல்லிய சவ்வாக நீளும். முகவரியை பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து ஒட்டாமல், சாதாத் தாளில் அச்சடித்து மாவுப் பசையால் ஒட்டலாம். அடைமழையில் எழுத்து கரையாமல் இருக்க இங்க்ஜெட்டைவிட லேசர் அச்சு நல்லது. உள்ளேயும் ஒரு பிரதி போடுங்கள், வெளி முகவரி கிழிந்தாலும் பெட்டி போய்ச் சேரும்.